அழிக்கும் முன் படியெடு

பொங்கல் நெருங்கினால் நம் ஊர்களில் வீடுகளுக்கு வெள்ளையடிப்பர். அதற்கு முன் வீட்டில் உள்ள பொருள்களையெல்லாம் முற்றத்தில் கொண்டுவந்து வைப்பர். பானை, சட்டி, பெட்டி, பாய், சுவரில் தொங்கும் படங்கள் ஆகிய அனைத்தும் வெளியே வரும். போகியன்று கொளுத்துவதற்காகப் பழைய தாள்களைக் கட்டுக் கட்டாக ஒதுக்குவர். ஆனால், அக்கட்டுகளை நெருப்பில் இடுவதற்கு முன் வீட்டின் மூத்தவர் ஒருவர் அவற்றைப் பிரித்துப் பார்ப்பார். நிலத்தின் பத்திரமோ, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோ, என்றோ வந்த கடிதமோ உள்ளே சிக்கியிருக்கலாம் என்று தேடுவார். எல்லாம் பார்த்து முடிந்த பின்னரே, ‘இனிக் கொளுத்தலாம்’ என்பார். இஃது எவரும் ஏட்டில் எழுதி வைத்த சட்டம் அன்று. எரிந்தது மீளாது என்பதை உணர்ந்த மக்கள் தாமே அமைத்துக்கொண்ட ஒழுங்கு இது.

இக்காலத்தில் இவ்வொழுங்கு பெரிதும் வேண்டப்படும் இடம் ஒன்று உண்டு. அதுதான் வீட்டுக் கணினி. நாளடைவில் கணினி தளர்ச்சி அடைகிறது. திறப்பதற்கு நெடுநேரம் ஆகிறது. வேலையின் நடுவே நின்றுவிடுகிறது. நச்சுநிரல் புகுந்து அலைக்கழிக்கிறது. அப்பொழுது அதன் இயங்குதளத்தை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுகின்றனர். கணினியின் உறுப்புகளையெல்லாம் இணைத்து ஆளும் அடிப்படை நிரலே இயங்குதளம் எனப்படும். விண்டோஸ், லினக்ஸ் முதலியன அவ்வகையின. அதனைப் புதிதாக நிறுவுதல் தவறன்று. பல வேளைகளில் அது தேவையும் ஆகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதனால் எத்தனையோ வீடுகளில் பழைய தளத்தை நீக்கிப் புதிய தளத்தை நிறுவும் வேலை வந்து சேர்ந்தது. ஆனால், புதுப்பிக்கும் ஆர்வத்தில் பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கணினிக்குள் இருக்கும் கோப்புகளை வேறொரு கணினியிலோ வேறொரு தட்டிலோ படியெடுத்து வைக்க வேண்டும் என்பதே அது.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். அழிக்கும் முன் படியெடுத்தல் என்பது கணினி அறிந்தவர் தம் திறமையைக் காட்டும் வேலை அன்று. அது பிறர் பொருளைக் காக்கும் கடமை. அக்கடமை, வீட்டில் கணினியை இயக்கத் தெரிந்தவர் யாரோ, அவருடைய தோள்மேல் விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் அவர் யார்? பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் பிள்ளையே அன்றோ? ஆதலின், மாணவர்களே, இதனை உங்களுக்கே கூறுகிறேன்.

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப் பாருங்கள். கூடத்தின் மூலையில் கணினி ஒன்று இருக்கிறது. அதனை வாங்கியவர் தந்தையார். அவருடைய வருமான வரிக் கணக்கும் வீட்டுக் கடன் தாள்களும் அதில் உள்ளன. தாயார் தம் தமக்கையின் திருமணப் படங்களை அதில் சேர்த்து வைத்திருக்கிறார். தாத்தா தம் வாழ்க்கைக் குறிப்பை நாளுக்கு ஒரு பக்கமாக ஓராண்டு தட்டச்சுச் செய்திருக்கிறார். இப்பொழுது இல்லாத பாட்டியின் குரல், பேரன் பேத்திக்குக் கதை சொல்லும் ஒலிப்பதிவாக அதில் கிடக்கிறது. மகன் விளையாடும் விளையாட்டுகளும் அதிலேயே இருக்கின்றன. கணினி தளர்ந்துவிட்டது. விளையாட்டு விரைந்து ஓடவில்லை. மகன் ஒரு ஞாயிறன்று எவரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறான். மாலையில் கணினி மின்னல்போல் இயங்குகிறது. ஆனால், பாட்டியின் குரல் எங்கே? விளையாட்டை இணையத்திலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். இயங்குதளத்தையும் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். கணினியே உடைந்தாலும் கடையில் வேறொன்று வாங்கலாம். அக்குரலை எந்தக் கடையில் வாங்குவது?

இங்கே ஓர் உண்மை விளங்குகிறது. கணினியில் உள்ளவை இருவகைப்படும். ஒன்று, உலகில் பல இடங்களில் உள்ளவற்றின் படி; மற்றொன்று, அங்கு மட்டுமே உள்ள பொருள். விளையாட்டும் இயங்குதளமும் முதல் வகையைச் சேர்ந்தவை. படமும் குரலும் கணக்கும் கட்டுரையும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. முதல் வகை அழிந்தால் நேரம் மட்டுமே இழப்பு. இரண்டாம் வகை அழிந்தால் அழிந்ததுதான். அளவைப் பார்த்து மதிப்பிடுதல் கூடாது. ஒரு விளையாட்டு 100 ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். பாட்டியின் குரல் சில எம்.பி. அளவே இருக்கலாம். காக்கத் தக்கது எது என்பதை எடைக்கல் சொல்லாது.

ஆகவே, முதற்கட்டளை: அழிக்கும் முன் கேள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் சென்று, ‘கணினியை வெறுமையாக்கப் போகிறேன், உங்களுடையது எது, எங்கே இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் பலருக்குத் தம் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது தெரியாது. திரையில் ஒரு மூலையைச் சுட்டி, ‘இங்கேதான் இருந்தது’ என்பர். அதைக் கேட்டு நகைத்தல் அறிவுடைமை ஆகாது. அவர்களுடன் பக்கத்தில் அமர்ந்து பொறுமையோடு தேட வேண்டும். சமையலறையில் எந்தப் பானைக்குள் எது இருக்கிறது என்று தாயார் அறிவார், நாம் அறியோம். அதற்காக அவர் நம்மைப் பார்த்து நகைப்பதில்லையே!

தேடும் இடங்களைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். திரையின் முகப்பு, ஆவணங்கள், படங்கள், இறக்கங்கள் என்னும் கோப்புறைகளை எல்லாரும் பார்ப்பர். அவற்றோடு வேலை முடிந்துவிடாது. சில நிரல்கள் தம் கோப்புகளை எளிதில் கண்ணுக்குப் புலப்படாத கோப்புறைகளில் வைக்கின்றன. கணினியிலேயே சேர்த்து வைத்த மின்னஞ்சல், உலவியில் குறித்து வைத்த இணைய முகவரிகள், கணக்கு எழுதும் நிரலின் தரவு ஆகியவை அவ்வாறு மறைந்து கிடப்பதுண்டு. ஒரே கணினியில் இருவர் மூவர் தனித்தனிப் பயனர் பெயரோடு நுழையும் வழக்கம் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறைபோல் கோப்புறை இருக்கும். ஓர் அறையை மட்டும் பார்த்துவிட்டு, ‘வீடு முழுவதும் பார்த்தேன்’ என்று கூறலாகாது.

தமிழில் எழுதுவோர் மறக்கக் கூடாத பொருள் இன்னும் ஒன்று உண்டு. அது பழைய எழுத்துரு. ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991 ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. ஆயினும் அதன் பிறகும் பல்லாண்டுகள் தமிழர் வெவ்வேறு குறியீடுகளில் அமைந்த எழுத்துருக்களையே பயன்படுத்தினர். 1999 இல் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியது. இலங்கைத் தமிழரிடையே பாமினி எழுத்துரு பெரிதும் வழங்கியது. பின்னர் 2010 இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது. இவற்றிற்கு இடைப்பட்ட காலத்தில் தட்டச்சுச் செய்யப்பட்ட கதைகள், கட்டுரைகள், சங்க அறிக்கைகள், குடும்ப வரலாறுகள் எண்ணில. அவற்றின் கோப்பை மட்டும் புதிய கணினிக்குக் கொண்டு சென்று, உரிய எழுத்துருவைக் கொண்டு செல்லாவிட்டால், திறந்தவுடன் தமிழ் தோன்றாது. பொருளற்ற குறிகளின் குவியலே தோன்றும். தாத்தாவின் வாழ்க்கைக் குறிப்பு அழியவில்லை. ஆனால், படிப்பார் எவரும் இல்லாததாகிவிடும். எனவே, கோப்போடு எழுத்துருவையும் சேர்த்துப் படியெடுத்தல் வேண்டும். இயன்றால் அதனை ஒருங்குறிக்கு மாற்றிய படி ஒன்றையும் உடன் வைத்தல் நன்று.

இரண்டாம் கட்டளை: கேட்ட பின் படியெடு. படியெடுக்கும் வழிகள் பல. வெளியிலிருந்து இணைக்கும் வன்தட்டு ஒன்றில் எடுக்கலாம். சிறிய அளவினதாயின் பென் டிரைவில் எடுக்கலாம். வீட்டில் வேறொரு கணினி இருந்தால், இரண்டையும் வலைவடத்தால் இணைத்து, ஒன்றன் கோப்புறையை மற்றொன்று காணுமாறு செய்து படியெடுக்கலாம். இன்றைய கணினிகளுக்கு இதன்பொருட்டுத் தனிவகை வடம் வேண்டுவதில்லை. சாதாரண வலைவடமே போதும். கணினி சிறிதும் எழாத நிலையிலும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. அதன் வன்தட்டைக் கழற்றி, அதற்குரிய உறையில் இட்டு, வேறொரு கணினியோடு இணைத்துப் பார்க்கலாம். ஆனால், அவ்வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டதாயின் திறவெண் வேண்டும். விண்டோஸ் கணினிகளில் அது 48 இலக்கங்கள் கொண்டது. பூட்டிய பெட்டியின் திறவுகோலைத் தேடி எடுக்காமல் பெட்டியைத் தூக்கிச் செல்வதால் பயன் என்ன?

‘இதற்கெல்லாம் நாளெல்லாம் ஆகுமே!’ என்று சிலர் சலித்துக்கொள்வர். கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய யூ.எஸ்.பி. 2.0 வழியாக நொடிக்கு ஏறத்தாழ 30 எம்.பி. செல்லும் என்று கொள்வோம். 100 ஜி.பி. கோப்புகளை மாற்ற ஏறத்தாழ 55 நிமிடம் ஆகும். நொடிக்கு 100 எம்.பி. செல்லும் வலைவடத்தின் வழியாயின் 17 நிமிடம் போதும். சிறிய கோப்புகள் பல்லாயிரம் இருப்பின் இன்னும் சற்று நேரம் கூடும். அவ்வளவே. பல ஆண்டுகளில் சேர்த்ததைக் காக்க ஒரு பிற்பகலைச் செலவிடுதல் பெரிதா? அந்நேரமும் நாம் கையால் எழுதுவதில்லை; பொறிதான் உழைக்கிறது. நாம் பக்கத்தில் அமர்ந்து பாடம் படிக்கலாம்.

படியெடுக்கையில் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு. கோப்பை வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டுதல் வேறு, படியெடுத்தல் வேறு. வெட்டி ஒட்டினால் பொருள் இடம் மாறுமேயன்றி இரண்டாகாது. நடுவில் மின்சாரம் நின்றால் குழப்பம் நேரும். படியெடுத்தாலோ மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலும், பழைய பென் டிரைவுகள் பலவும் ‘ஃபேட் 32’ என்னும் முறையில் அமைக்கப்பட்டவை. அம்முறையில் ஒரு தனிக்கோப்பு 4 ஜி.பி. அளவை எட்டலாகாது. நீண்ட திருமண ஒளிப்பதிவு ஒன்று அவ்வளவைக் கடந்தால், டிரைவில் இடம் இருந்தும் அஃது ஏறாது. எச்சரிக்கை திரையில் தோன்றும். பலர் அதைப் படியாமலே மூடிவிடுவர். மற்றவை ஏறிவிட்டன, அஃது ஒன்று மட்டும் ஏறவில்லை. பின்னர் அழித்த பிறகுதான் அது தெரியவரும். நச்சுநிரல் புகுந்த கணினியாயின் நிரல்களைப் படியெடுக்காமல் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்து, அவற்றையும் ஆய்ந்த பின்னரே புதிய இடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டை மாற்றும்போது கரையானையும் கூடவே கொண்டு செல்வார் உண்டோ?

மூன்றாம் கட்டளையே எல்லாவற்றினும் பெரிது: படியெடுத்த பின் திறந்து பார். ‘படி இருக்கிறது’ என்னும் நம்பிக்கை வேறு. ‘படி திறக்கிறது’ என்னும் அறிவு வேறு. முன்னது நம்மை உறங்கச் செய்யும். பின்னதே நம்மைக் காக்கும். இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டலாம்.

அமெரிக்க நாட்டில் பிக்சார் என்னும் நிறுவனம் கணினியால் அசைவுப் படங்களை ஆக்கிப் புகழ் பெற்றது. 1998 ஆம் ஆண்டில் அங்கே ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படம் உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கணினியில் தவறான அழிப்புக் கட்டளை ஒன்று இடப்பட்டது. கண்ணெதிரே படத்தின் பகுதிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. ‘அஞ்ச வேண்டா, மாற்றுப்படி இருக்கிறது’ என்று எண்ணி அதனை நாடினர். அந்தோ! மாற்றுப்படி எடுக்கும் அமைப்பு சில காலமாகவே ஒழுங்காக வேலை செய்யவில்லை. அதனை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. பலர் கூடி உழைத்த உழைப்பு பாழாயிற்று என்று அனைவரும் திகைத்து நின்றனர். அப்பொழுது கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், தம் வீட்டுக் கணினியில் ஒரு படி இருப்பதாகக் கூறினார். அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே பணியாற்றுவதற்காக அவர் கோப்புகளை வீட்டுக் கணினிக்கு அவ்வப்போது படியெடுத்து வந்தார். அக்கணினியைப் போர்வைகளால் சுற்றி, காரில் வைத்து, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மெல்லக் கொண்டுவந்தனர். இழந்தவற்றுள் பெரும்பகுதி மீண்டது. படம் 1999 இல் வெளிவந்தது.

இந்நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உள்ளன. பெரிய நிறுவனத்தின் மாற்றுப்படியும் சோதிக்கப்படாவிட்டால் வெறும் பெயரளவில் நிற்கும் என்பது ஒன்று. வீட்டில் உள்ள எளிய கணினியும், அதில் நல்ல படி இருந்தால், பெரிய நிறுவனத்தைக் காக்கும் என்பது மற்றொன்று. பொறியின் பெருமை பொறியில் இல்லை. அதனைக் கையாள்பவரின் கருத்தில் இருக்கிறது.

எனவே, படியெடுத்து முடிந்ததும் மூலத்தில் எத்தனை கோப்புகள், படியில் எத்தனை கோப்புகள் என்று எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். மொத்த அளவையும் ஒப்பிட வேண்டும். பின்னர்ப் படியை வேறொரு கணினியில் இணைத்து, அங்கும் இங்குமாகச் சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். படம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா, எழுத்து எழுத்தாகத் தோன்றுகிறதா என்று காண வேண்டும். இங்கே ஒரு நாகரிகத்தையும் வலியுறுத்த விரும்புகிறேன். படியெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. பிறருடைய கடிதத்தையும் குறிப்பையும் படிக்கும் உரிமை நமக்கு இல்லை. அஞ்சற்காரர் உறையைத் தருவாரே தவிரப் பிரித்துப் படிப்பாரா? ஆகையால், உடையவரையே அழைத்து, அவருடைய கோப்பை அவரே திறந்து பார்க்கச் செய்தல் முறை. ‘எல்லாம் இருக்கின்றன’ என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அச்சொல்லே நமக்குக் கிடைக்கும் ஆணை. அதற்குப் பின்னரே நான்காம் கட்டளை வருகிறது: இனி அழி.

இதனை மறுப்போரும் உளர். அவர்தம் கூற்றுகளையும் நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

‘இக்காலத்தில் எல்லாம் இணையச் சேமிப்பகத்தில் தாமே சென்று சேர்ந்துவிடுகின்றன, தனியே படி எதற்கு?’ என்பர் சிலர். இணையச் சேமிப்பகம் நல்ல துணையே. அதனை நான் பழிக்கவில்லை. ஆனால், அதில் எல்லாம் சேர்ந்துள்ளனவா என்று பார்த்தவர் எத்தனை பேர்? சில கோப்புறைகள் மட்டுமே சேருமாறு அமைந்திருக்கலாம். இடம் நிரம்பிச் சேர்தல் நின்றுபோயிருக்கலாம். மேலும், அவற்றுள் பல ஒத்திசைவு முறையில் இயங்குகின்றன. அதாவது, இங்கே ஒன்றைச் சேர்த்தால் அங்கும் சேரும். இங்கே ஒன்றை நீக்கினால் அங்கும் நீங்கும். கண்ணாடியில் தோன்றும் உருவம்போன்றது அது. மனிதன் விலகினால் உருவமும் விலகும். நீக்கியவற்றைச் சில நாள் வைத்திருந்து மீட்டுத் தரும் வசதி பலவற்றில் உண்டு. ஆனால், அந்நாள் கடந்தால் அதுவும் இல்லை. படி என்று சொல்லத் தக்கது மூலம் அழிந்த பின்னும் நிலைத்து நிற்பதே.

‘கோப்புகளை வைத்துக்கொண்டே புதுப்பிக்கும் வசதி கணினியிலேயே இருக்கிறதே!’ என்பர் வேறு சிலர். இருக்கிறது. ‘என் கோப்புகளை வைத்திரு’, ‘அனைத்தையும் நீக்கு’ என்னும் பொருள்பட இரு தேர்வுகளைக் கணினி நம்முன் வைக்கும். ஒரு விரல் இடம் மாறினால் போதும். விரல் தவறாவிட்டாலும் நிரல் தவறுவதுண்டு. 2018 அக்டோபரில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று, சிலருடைய கணினிகளில் அவர்தம் ஆவணங்களை அழித்துவிட்டது. நிறுவனம் சில நாள்களில் அவ்வெளியீட்டை நிறுத்திவைத்துத் திருத்தி, நவம்பரில் மீண்டும் வெளியிட்டது. வல்லுநர் பலர் கூடி ஆக்கிய பொருளிலும் பிழை நேரும் என்பதற்கு இது சான்று. தனியே படி வைத்திருந்தவர் அப்பொழுது கலங்கவில்லை.

‘பழையன போனால் போகட்டும்; குப்பை குறைந்தது என்று மகிழலாமே!’ என்று கூறுவோர் மூன்றாம் வகையினர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. நம் கணினிகளில் குப்பை மிகுதிதான். ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்த படங்களும், ஒரு முறை பார்த்து மறந்த கோப்புகளும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றைக் களைதல் வேண்டும். ஆனால், எது குப்பை என்று முடிவு செய்யும் உரிமை உடையவருக்கே உண்டு. பிறர் பொருளைக் குப்பை என்று நாம் தீர்ப்புக் கூறலாகாது. அன்றியும், ஒரு தலைமுறை பழையது என்று தள்ளியதை அடுத்த தலைமுறை அழுது தேடியதுண்டு. அதற்குத் தமிழ்மொழியின் வரலாறே சான்று.

நம் முன்னோர் நூல்களைப் பனையோலையில் எழுதினர். ஓலை என்றும் நிற்பதன்று. செல்லரிக்கும், ஒடியும், முறியும். ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தனர். இன்று நாம் கணினிக்குக் கணினி கோப்பை மாற்றுகிறோம். அன்று அவர்கள் ஏட்டுக்கு ஏடு எழுத்தை மாற்றினர். செயல் ஒன்றே. படியெடுத்த நூல்கள் வாழ்ந்தன. படியெடாத நூல்கள் மாண்டன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினார். ஒரு படியில் சிதைந்த இடத்தை மற்றொரு படியால் நிரப்பினார். பல படிகள் இருந்தமையாலன்றோ அது முடிந்தது! 1887 இல் சீவக சிந்தாமணியையும், 1892 இல் சிலப்பதிகாரத்தையும், 1894 இல் புறநானூற்றையும் அவர் அச்சில் கொணர்ந்தார். ஆயினும் புறநானூற்றின் 400 பாடல்களுள் 267, 268 ஆம் பாடல்கள் இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. அங்கே எண் இருக்கிறது, பாட்டு இல்லை. அவ்வெற்றிடத்தைப் பார்க்கும்பொழுதெல்லாம், யாரோ ஒருவர் எப்பொழுதோ ஒரு படி எடுத்திருக்கலாகாதா என்று நெஞ்சு ஏங்குகிறது.

‘எங்கள் வீட்டுக் கோப்பு சங்க நூலா?’ என்று நீங்கள் கேட்கலாம். நாட்டுக்கு அது சங்க நூல் அன்று. ஆனால், அவ்வீட்டுக்கு அதனினும் குறைந்தது அன்று. நாட்டின் வரலாற்றைக் காக்க நூலகங்களும் அறிஞர்களும் இருக்கின்றனர். வீட்டின் வரலாற்றைக் காக்க வீட்டாரைத் தவிர வேறு யார் இருக்கின்றனர்?

ஒரு படியோடு நின்றுவிடாமல் இன்னும் ஒன்று எடுத்தல் சாலச் சிறந்தது. மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது கணினி வல்லுநர் பலர் போற்றும் முறை. வேறிடம் எதற்கு? 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் புகுந்ததை நாடு மறவாது. கணினி மேசைமேல் இருந்து, அதன் படி மேசையின் அறைக்குள் இருந்தால், வெள்ளம் இரண்டையும் ஒரே நாளில் நனைக்கும். ஒரு படியை அயலூரில் உள்ள அத்தை வீட்டிலோ, இணையச் சேமிப்பகத்திலோ வைத்திருந்தால் அவ்வச்சம் இல்லை. நாற்று விடும்போது விதையெல்லாவற்றையும் ஒரே நாளில் தெளித்துவிடாமல் சிறிது குதிரில் வைத்திருக்கும் உழவனின் அறிவு இதுவே.

புதிய இயங்குதளத்தை நிறுவிக் கோப்புகளை மீண்டும் கொண்டுவந்து சேர்த்த பின்னரும், வெளியே எடுத்த படியை உடனே அழித்துவிடுதல் கூடாது. சில மாதம் அப்படியே இருக்கட்டும். மறந்த ஒன்று நினைவுக்கு வருவதற்குக் காலம் வேண்டும். ‘அந்தக் கணக்கு எங்கே?’ என்று தந்தையார் கேட்கும் நாள், வரித் தாளை நிரப்பும் நாளாகவே இருக்கும்.

மாணவர்களே! பழங்காலத்தில் ஒரு வீட்டின் பெட்டிச் சாவி மூத்தவரின் இடுப்பில் தொங்கியது. அவர் பலமுறை எண்ணிப் பார்த்தே பெட்டியைத் திறப்பார். இன்று வீட்டின் நினைவுகளையெல்லாம் கொண்ட பெட்டியின் சாவி உங்கள் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. வயதில் இளையவராயினும் பொறுப்பில் நீங்களே மூத்தவர். அறிந்தவரின் ஆற்றல் அறியாதவரைக் காப்பதற்கே உரியது. ஆகையால், கேளுங்கள், படியெடுங்கள், திறந்து பாருங்கள், உடையவர் ‘சரி’ என்று சொன்ன பின்னரே அழியுங்கள். இந்த வரிசை மாறாதவரை உங்கள் வீட்டில் எந்தக் குரலும் உங்கள் கையால் மறையாது.